போதும் என்றொரு பெயர்

முதலாமாண்டு வகுப்பின் முதல் நாளில் நான் பாடம் நடத்துவதில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படிப்பேன். பெயருக்குரியவள் எழுந்து நிற்பாள். அந்தப் பெயர் எந்தச் சொல்லிலிருந்து வந்தது, என்ன பொருள், வீட்டில் யார் வைத்திருக்கக்கூடும் என்றெல்லாம் சொல்வேன். தமிழ் இலக்கியம் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்ட பாடம் கிடைக்காமல் வந்தவர்கள். சொல்லாராய்ச்சி என்பது தங்கள் பெயரிலிருந்தே தொடங்குகிறது என்று தெரிந்தால் பாடம் பிடித்துப்போகும் என்பது என் கணக்கு. பல ஆண்டுகள் அந்தக் கணக்கு தப்பவில்லை.

ஓர் ஆண்டு தப்பியது. அந்த மாணவியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ‘இத்தோடு பெண் போதும், இனி வேண்டாம்’ என்ற பொருள் வரும்படி நம் கிராமங்களில் வைப்பார்களே, அந்த வகைப் பெயர். படித்ததும் வகுப்பில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். ‘இதுவும் ஒரு சமூக ஆவணம்’ என்று தொடங்கிப் பத்து நிமிடம் பேசினேன். அவள் அந்தப் பத்து நிமிடமும் நின்றுகொண்டே இருந்தாள். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, “அம்மா, எனக்கு ஏன் இந்தப் பேரு வச்சாங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியணுமா?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து பெண்களின் பெயர்களை நான் படிக்கும் விதம் மாறியது. இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று மட்டும் கேட்டால் போதாது. இதை வைத்தது யார், யாருக்காக வைத்தார்கள், சுமக்கிறவளிடம் யாராவது கேட்டார்களா என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் ரயில் சந்திப்பு, அதற்கடுத்து பீங்கான். தேவாரம் பாடிய மூவருக்கும் இது திருமுதுகுன்றம். மக்கள் வழக்கில் பழமலை. ‘விருத்த’ என்றால் பழைய, ‘அசலம்’ என்றால் அசையாதது, மலை. மூன்று பெயருக்கும் பொருள் ஒன்றுதான். கோயிலில் உள்ள அம்மன் பெரியநாயகி. வடமொழியில் விருத்தாம்பிகை. எங்கள் வட்டாரத்தில் விருத்தாம்பாள் என்று பெயர் கொண்ட பாட்டிகள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். பிறந்த அன்றே ‘முதிய தாய்’ என்று பெயர் பெற்ற குழந்தைகள் அவர்கள்.

அந்த அம்மனைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. குரு நமசிவாயர் என்ற துறவி திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இங்கே தங்கினார். பசி. அம்மனிடம் சோறு கேட்டுப் பாடினார். பாட்டில் அவளைக் ‘கிழத்தி’ என்று அழைத்தார். அம்மன் ஒரு கிழவியாக வந்து நின்று, கிழவி என்றாயே, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று கேட்டாளாம். துறவி பாட்டை மாற்றி அவளை இளையவளாகப் பாடினார். அவளும் இளம்பெண்ணாக வந்து சோறிட்டாள். கோயிலில் விருத்தாம்பிகை சந்நிதியோடு பாலாம்பிகை சந்நிதியும் இருப்பதை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள்.

சிறுவயதில் இதை அம்மனின் விளையாட்டு என்று கேட்டு வளர்ந்தேன். தமிழ் படித்த பிறகு வேறொன்று தெரிந்தது. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்றால் முதியவர்கள் அல்லர். கிழமை என்றால் உரிமை. கிழத்தி என்றால் உரிமையுடையவள், தலைவி. அந்தச் சொல் காலப்போக்கில் தேய்ந்து வயதானவள் என்ற ஒரே பொருளுக்குள் அடைபட்டது. உரிமையைக் குறித்த சொல் வயதைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிப்போன பிறகுதான் இந்தக் கதைக்கே இடம் வந்திருக்கும். எப்படியானாலும், தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதற்கு ஒரு பெண் மறுப்புச் சொன்னாள், கூப்பிட்டவர் மாற்றிக்கொண்டார் என்ற கதை எங்கள் ஊரில் இருக்கிறது. தெய்வம் என்பதால் மாற்றிக்கொண்டார்கள்.

மனுஷிகளின் கதை வேறு. இந்தக் கோயிலைக் கருங்கல் கோயிலாக எடுத்துக் கட்டியவர் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செம்பியன் மாதேவி. எத்தனையோ செங்கல் கோயில்களைக் கல்லாக்கியவர். செம்பியன் என்றால் சோழன். சோழனின் பெருந்தேவி என்பது ஒரு பட்டம். கல்வெட்டுகள் அவரைக் கண்டராதித்தரின் தேவியார் என்றும், உத்தம சோழரை வயிற்றில் சுமந்த பிராட்டியார் என்றும் சொல்கின்றன. இத்தனை கல்லை அடுக்கிய பெண்ணைக் கணவர், மகன், குலம் என்ற மூன்று ஆண்வழிகளில்தான் கல் அறிமுகப்படுத்துகிறது.

சங்க இலக்கியத்திலும் இதையே காண்கிறோம். ஒக்கூர் மாசாத்தியாருக்கு ஊரும் பெயரும் இருக்கின்றன. நச்செள்ளையார், நக்கண்ணையார் பெயர்களில் முன்னால் நிற்கும் ‘ந’ என்பது நன்மையைக் குறிப்பது. நச்செள்ளையாருக்குக் ‘காக்கைபாடினி’ என்ற அடைமொழி அவர் பாடிய காக்கையால் வந்தது. தன் கவிதையால் தனக்கொரு பெயரை ஈட்டிக்கொண்டவர் அவர். ஆனால் தந்தையையும் குன்றையும் இழந்த நிலா நாளைப் பாடிய இரு பெண்கள் ‘பாரி மகளிர்’ மட்டும்தான். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்காலத்தவை. கணவனின் ஈமத்தீயின் முன் நின்று பாடியவர் ‘பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு’. அரசனின் மனைவி என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தமிழின் மிகக் கூர்மையான குரல்களில் சில, இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்ற முகவரியோடு மட்டுமே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

மாறாக, அரசகுலம் அல்லாத பெண்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டு. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்ற விவரத்தோடு அது பதிவு செய்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘நக்கன்’. அது சிவனின் பெயர். சேரமங்கை, உதாரி, சோழகுலசுந்தரி, எடுத்தபாதம் என்று பெயர்கள் போகின்றன. ஆடுகிறவளுக்கு ‘தூக்கிய கால்’ என்று பெயர். அதை முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பிறகு யோசித்தேன். தந்தை பெயரோ கணவர் பெயரோ வராத இடத்தில் கடவுளின் பெயர் வந்து நிற்கிறது, நடுவில் அரசனின் குலம் வந்து நிற்கிறது. பெண்ணின் பெயர் தனியாக நிற்க அங்கும் அனுமதியில்லை. ஆனாலும் அந்தப் பெயர்கள் ஒரு குடியிருப்பின் பெயர்கள். அவற்றை உரக்கப் படித்தால் தெருவில் நடப்பது போலிருக்கிறது.

பெண்ணுக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று எழுதியே வைத்தவர்களும் உண்டு. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் வருணத்துக்கேற்பப் பெயரின் தன்மையைப் பிரிக்கிறது. பிராமணருக்கு மங்கலம், சத்திரியருக்கு வலிமை, வைசியருக்குச் செல்வம், சூத்திரருக்கு இழிவு. பெண்ணின் பெயர் சொல்ல எளிதாக, கடுமையில்லாமல், மனதுக்கு இனிதாக, மங்கலமாக, நெடில் உயிரில் முடிவதாக இருக்க வேண்டுமாம். மூன்றாம் அத்தியாயம் எந்தப் பெண்ணை மணக்கக் கூடாது என்று சொல்கிறது. நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு ஆகியவற்றின் பெயர் கொண்டவள், தாழ்ந்த சாதியின் பெயரோ அடிமையின் பெயரோ கொண்டவள், அச்சமூட்டும் பெயர் கொண்டவள்.

இந்தப் பட்டியலை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ரேவதியும் ரோகிணியும் நட்சத்திரங்கள். காவேரி ஆறு. வள்ளி கொடி. கிளியம்மாள், குயிலி, நாகம்மாள், காளியம்மாள் எல்லோரும் மனுவின் கணக்கில் தள்ளுபடி. எங்கள் பக்கத்துப் பெயர் கொளஞ்சியும்தான். விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. கொளஞ்சிச் செடிகளுக்கு நடுவே வெளிப்பட்டவர் என்பது கதை. அங்கே குறையைத் தாளில் எழுதிப் ‘பிராது’ கட்டும் வழக்கம் இன்றும் உண்டு. எங்கள் ஊரில் கூட்டத்தில் நின்று ‘கொளஞ்சி’ என்று கூப்பிட்டால் ஆணும் பெண்ணுமாக நாலு பேர் திரும்புவார்கள். மரத்தையும் ஆற்றையும் பறவையையும் பெண்ணுக்குச் சூட்டிய மக்கள் மனுவைக் கேட்டு வாழவில்லை என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

ஆனால் இன்றைய வருகைப் பதிவேட்டில் கொளஞ்சி குறைந்துவிட்டாள். இகா, ஈஷா, யா என்று முடியும் பெயர்கள் பெருகிவிட்டன. தமிழ் தன்னிடம் வந்த வடசொல்லின் நெடிலைக் குறுக்கிக்கொண்ட மொழி. சீதா சீதையானாள், லக்ஷ்மீ இலக்குமியானாள். இப்போது அந்த நெடில் எண்கணிதக்காரரின் வழியாகவும் கைப்பேசியின் வழியாகவும் திரும்பி வந்திருக்கிறது. நான் இந்தப் பெயர்களைப் பழிக்கவில்லை. மண்ணாங்கட்டி, பிச்சை என்று மட்டுமே தங்களுக்கு விட்டுவைக்கப்பட்ட காலத்தைத் தாண்டி வந்த குடும்பங்கள், யாருக்கும் சாதி தெரியாத ஒரு பெயரைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. இனிமையாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் ஏன் இன்னும் பெண்ணின் பெயருக்கே விதிக்கப்படுகிறது என்று கேட்கிறேன்.

இழிவாகத் தோன்றும் பெயர்களில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். முன் பிறந்த பிள்ளைகள் இறந்திருந்தால் அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. மதிப்பில்லாத பொருள் என்று நினைத்துச் சாவு விட்டுவிட்டுப் போகும் என்ற நம்பிக்கை. அது பிள்ளை வேண்டும் என்ற தவிப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

போதும், வேண்டாம் என்ற பெயர்கள் அப்படியல்ல. அவை பெண்ணுக்கு மட்டுமே. அந்தப் பெயர் இருக்கிற பெண்ணிடம் பேசவில்லை. இன்னும் பிறக்காத தம்பியிடம் பேசுகிறது. திருத்தணி அருகே நாராயணபுரம் என்ற ஊரில் பெண் குழந்தைகளுக்கு ‘வேண்டாம்’ என்று பெயரிடும் வழக்கம் 2019இல் செய்திகளில் வந்தது. மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் ‘நகுசா’, அதாவது வேண்டாதவள் என்ற பெயரோடு வாழ்ந்த 285 சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் விழா நடத்திப் புதுப்பெயர் கொடுத்தார்கள். சீனாவில் ‘சாவ்தி’ என்று பெண்ணுக்குப் பெயர். தம்பியை அழைத்து வா என்று பொருள். மொழிகள் வேறு, ஆனால் வீட்டுக்குள் நடந்த பேச்சு ஒன்றுதான்.

பெயரை மாற்றுவதே விடுதலையா? இதற்கு நம் வரலாறு ஒரே பதிலைத் தரவில்லை. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், மறைமலை ஆனார். விருத்தாசலத்தில் இருக்கும் அதே ‘அசலம்’தான் அவர் பெயரில் மலையாயிற்று. அவர் மகள் திரிபுரசுந்தரி, முந்நகரழகி ஆனார். மொழி மாறியது, பெயர் வைக்கும் உரிமை தந்தையிடமே இருந்தது. எங்கள் கடலூர் மாவட்டத்தின் அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில் நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் கலந்துகொண்டபோது, மகள் அம்மாக்கண்ணுவும் உடன் சென்றாள். வயது ஒன்பது. காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் மாற்றித் தன் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். அன்பால் செய்த காரியம்தான். என்றாலும் அம்மா என்ற சொல்லோடு இருந்த ஒரு பெயர் அன்று போயிற்று. வேலூரில் பிறந்த காந்திமதி, அண்ணல் தங்கோவால் அரசியல்மணி என்று பெயர் பெற்று, பிறகு மணியம்மையாராக ஓர் இயக்கத்துக்கே தலைமை ஏற்றார்.

தலைகீழாக நடந்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். அந்த மாநாட்டில்தான் ஈ.வெ.ராமசாமிக்குப் ‘பெரியார்’ என்ற பெயரைப் பெண்கள் தீர்மானமாக நிறைவேற்றிக் கொடுத்தார்கள். இன்று நாடே சொல்லும் அந்தப் பெயர் பெண்கள் வைத்த பெயர். ஆண்கள் பெண்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே வந்த வரலாற்றில் பெண்கள் கூடி ஓர் ஆணுக்குப் பெயர் வைத்த நாள் அது. மாணவிகளிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை.

என் அம்மா இந்த ஊரின் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டி, ஈர ஸ்பாஞ்சால் விளிம்பைத் துடைத்துச் சீராக்கும் வேலை. எண்ணிக்கைக்குக் கூலி. தன்னுடையது மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமலிருக்க அடியில் ஊசியால் ஒரு சிறு அடையாளம் கீறுவாள். இரண்டு கோடு, ஒரு புள்ளி. மேலே கிளேஸ் பூசி 1200 டிகிரிக்கு மேல் வெந்து சூளையிலிருந்து வெளிவரும்போது அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. சம்பளப் புத்தகத்தில் அவள் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரெழுத்து. தெருவில் அவள் ‘பெண்ணாடத்துக்காரி’. பிறந்த ஊரே பெயர். வீட்டில் அப்பா கூப்பிட்டது ‘இந்தா’. அவள் பெயரை முழுதாகச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கீழடியிலிருந்து வந்த பானை ஓடுகளில் ஆதன், உதிரன், குவிரன் என்று கீறியிருப்பதைப் படங்களில் பார்க்கும்போது எனக்கு அந்த இரண்டு கோடும் ஒரு புள்ளியும்தான் நினைவுக்கு வரும். ஓட்டில் தன் பெயரைக் கீறியவனுக்கு அது தன் பானை என்று சொல்ல உரிமை இருந்தது. அம்மாவுக்கு எண்ணிக்கை மட்டும்தான் சொந்தம்.

என் முனைவர் பட்டச் சான்றிதழில் தந்தையின் எழுத்து இருக்கிறது, குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் எத்தனை முறை கையெழுத்துப் போட்டிருப்பேன்! இப்போது சில மாணவிகள் அம்மாவின் எழுத்தையும் சேர்த்து இரண்டு எழுத்துகள் போடுகிறார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் பதிவேட்டில் அது தெரிகிறது.

அந்த மாணவி மூன்றாம் ஆண்டு முடிக்கும் தறுவாயில் ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். அரசிதழில் பெயர் மாற்றம். சான்றொப்பம் எங்கே வாங்குவது என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன். பழைய பெயரை வைத்தது அப்பாவைப் பெற்ற ஆயா என்றாள். அந்த ஆயாவும் அவள் வீட்டில் ஆறாவது பெண்ணாம். “ஆயா மேல கோவம் இல்லம்மா. அதுக்கு வேற வழி தெரியல” என்றாள்.

புதுப்பெயர் என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன். வீட்டில் அம்மா மட்டும், ஆயா இல்லாதபோது கூப்பிடுகிற பெயராம். எந்த அகராதியிலும் நேரடியாக அகப்படாத, செல்லமாகச் சிதைந்த ஒரு சொல். என் பழக்கம் போகவில்லை. “எந்தச் சொல்லிலிருந்து வந்திருக்கும்னு பார்த்துச் சொல்லட்டுமா?” என்றேன்.

“வேண்டாம்மா. அம்மா கூப்பிடுறப்ப நல்லா இருக்கும். அது போதும்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நானும்தான்.

முதல் நாள் வகுப்பில் இப்போதும் பதிவேட்டைத் திறக்கிறேன். பொருள் சொல்வதை நிறுத்திவிட்டேன். அதைப் பிறகு கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வொருத்தியிடமும் உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, அவள் சொல்வதைப் பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். பென்சில் எதற்கென்றால், நடுவில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாராவது வருவார்கள்.